வெள்ளாமைக் காட்டுப் பாப்பா

காடு என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புலியும் யானையும் நினைவுக்கு வரும். எங்களுக்குக் கடலைச்செடி நினைவுக்கு வரும். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகிற வழியில், வடமதுரையைத் தாண்டி அய்யலூர் வட்டாரத்தில், மானாவாரி நிலத்துக்குப் பேர் காடு. கிணறு இருந்தால் தோட்டம். மரம் மண்டிக் கிடக்கிற இடத்துக்கு மலை. "அய்யா எங்க?" என்று எங்கள் தாத்தாவை யாராவது தேடி வந்தால், "காட்டுக்குப் போயிருக்காரு" என்போம். அவர் சோளத்தட்டைக்கு நடுவிலோ கடலைப் பாத்தியிலோ குனிந்து நிற்பார்.

எங்கள் காடு நாலு ஏக்கர். அதை இப்போதும் தம்பி உழுகிறான். அது எங்கும் போய்விடவில்லை. போனது அதைச் சுற்றி இருந்த வேலி. பெங்களூரில் இருபது வருடமாகக் குடியிருந்தும் எனக்குக் கனவில் வருவது அந்த வேலிதான்.

அய்யாவின் அய்யா காலத்தில் கிளுவைப் போத்துகளை நெருக்கி ஊன்றியிருக்கிறார்கள். அதற்குள் திருகுகள்ளி தானாக வந்து சேர்ந்தது. காரை, சூரை, சங்கமுள் எல்லாம் குருவி எச்சத்தில் விழுந்து முளைத்தவை. மேலே கோவைக்கொடி, பிரண்டை, முடக்கத்தான், வேலிப்பருத்தி. மூலைக்கு மூலை உசிலையும் வெள்வேலும். வடகிழக்கு மூலையில் ஒரு புளி. வேலியின் அகலம் ஐந்தடி, சில இடத்தில் ஆறடி இருக்கும். ஆடு நுழைய முடியாது. ஆனால் கீரி நுழையும், ஓணான் நுழையும், கவுதாரி குஞ்சுகளோடு சரசரவென்று உள்ளே போய் மறையும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சூரைப்பழத்துக்குக் கையை விட்டு முள் கீறாத நாள் கிடையாது. அப்பத்தாவுக்கு அது இன்னொரு சமையற்கட்டு. ஒரு கையில் முடக்கத்தானும் மறு கையில் பிரண்டையுமாகத்தான் காட்டிலிருந்து வருவாள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அய்யா வேலி கழிப்பார். ஒரு கையில் கவைக்கம்பு, ஒரு கையில் அரிவாள். கவையால் கொப்பை விலக்கிப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் கழிப்பார். உள்ளே எங்காவது ஒரு புதர் பந்து போல் சுருண்டு இருந்தால் அந்த இடத்தைத் தொடமாட்டார். "அங்கன ஆளு படுத்திருக்கும்" என்பார். எந்த ஆள் என்று எனக்குப் பத்து வயது வரைக்கும் தெரியாது.

கடலை முற்றிய பருவம். காவலுக்கு அய்யாவோடு நானும் படுத்திருந்தேன். நடுச்சாமத்துக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு விசில் சத்தம். மெலிதாக ஆரம்பித்துக் கூர்மையாக ஏறி, சட்டென்று நின்றது. திருடன்தான் கூட்டாளியைக் கூப்பிடுகிறான் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

"யாரு அய்யா விசில் அடிக்கிறது?"

"நம்ம தேவாங்குடா. எந்திரி, காட்டுறேன்."

அவர் பேட்டரி லைட்டை எடுத்தார். தோளில் கிடந்த சிவப்புத் துண்டின் முனையை அதன் கண்ணாடி மேல் இரண்டு சுற்றுச் சுற்றினார். "வெளிச்சத்த நேரா அடிக்கக் கூடாது. அதுக்குக் கண்ணு கூசும்." மங்கலான சிவப்பு வெளிச்சம் கிளுவைக் கொப்பு கொப்பாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. அங்கே அடுப்பில் கடைசியாக மிஞ்சிய இரண்டு கங்குகள் போல் கண்கள்.

அவ்வளவு பெரிய கண்ணை அவ்வளவு சின்ன முகத்தில் நான் பார்த்ததில்லை. மொத்த உடம்பும் கால் கிலோ தேறினால் அதிகம். வால் கிடையாது. கையும் காலும் பென்சில் தடிமன். நாங்கள் நிற்பதை அது கண்டுகொண்டது; அசையாமல் இருந்தது; பிறகு எங்களால் ஆபத்தில்லை என்று முடிவு செய்ததுபோல் ஒரு கையை நீட்டி அடுத்த கொப்பைப் பற்றியது. பிடி நன்றாக விழுந்ததா என்று பார்த்த பின்புதான் பின்னங்காலை எடுத்தது. கொப்பில் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. நடுவில் கையைத் தன் அடியில் கொண்டுபோய்ச் சிறுநீரில் நனைத்து, இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தது.

"கை கழுவுது பாரு," என்றார் அய்யா. எறும்புக் கடியின் எரிச்சல் அடங்கத்தான் அது இப்படிச் செய்கிறது போலும் என்று ஆய்வாளர்கள் கருதுவதை முப்பது வருடம் கழித்துப் படித்தேன். படித்தபோது முதலில் வந்தது அந்தத் துண்டின் வியர்வை வாசம்.

அய்யாவைப் போலவே ஊரில் எல்லோரும் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. விடிகாலையில் தேவாங்கு முகத்தில் விழித்தால் போன காரியம் கெடும் என்பார்கள். ஒல்லியான பையனை வாத்தியாரே தேவாங்கு என்று கூப்பிடுவார். சந்தையில் ஒரு நாள், இடுப்பில் கயிறு கட்டிய தேவாங்கு ஒன்றைக் கூடை மேல் உட்கார வைத்துக் குறி சொல்லிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தேன். உச்சி வெயில். அது இரண்டு கையாலும் முகத்தை மூடி, தலையை மடியில் புதைத்திருந்தது. அந்த ஆள் கையை விலக்கி விலக்கி விட்டுக்கொண்டிருந்தான், கண் தெரிந்தால்தான் சனம் கூடும் என்று. கண்ணுக்காகவும் எலும்புக்காகவும் மந்திரவாதிகளுக்காக அதைப் பிடித்தவர்கள் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே அட்டவணையில் தேவாங்கும் இருக்கிறது என்பது அந்தச் சந்தையில் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் தெரியாமல் போன இன்னொன்று, எங்கள் முள்ளுக்காட்டை உலகம் கவனித்துக்கொண்டிருந்தது. 1997-98-இல் ஆனா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் அய்யலூர்ப் பக்கம் தங்கி, இரவு முழுக்கத் தேவாங்குகளின் பின்னால் நடந்து குறிப்பெடுத்தார். அதே காலத்தை ஒட்டி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் சிந்து ராதாகிருஷ்ணாவும் திண்டுக்கல் வட்டாரத்திலேயே ஆராய்ந்தார்கள். அவர்கள் எழுதியதை எல்லாம் பெங்களூரில் உட்கார்ந்து படிக்கப் படிக்க எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் வேலியைப் பற்றி யாரோ எழுதிய கடிதங்கள் மாதிரி இருந்தன. தேவாங்கின் சாப்பாடு அநேகமாக முழுக்கப் பூச்சிதான்: எறும்பு, கறையான், வண்டு. பெரும்பாலும் இரட்டைப் பிள்ளை. தாய் இரவில் பிள்ளைகளைக் கொப்பில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். பிள்ளைகள் சத்தம் காட்டாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆண்களும் வந்து பிள்ளைகளோடு விளையாடும். விடியும்போது எல்லோரும் ஒரு முட்புதருக்குள் கூடி, ஒருவர்மேல் ஒருவர் சுருண்டு தூங்குவார்கள்.

ஒரு கணக்கில் வந்ததும் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஒரு பெண் தேவாங்கு புழங்குகிற பரப்பு மூன்றிலிருந்து நாலு ஏக்கர். ஆணுக்கு ஒன்பது ஏக்கர் போல. எங்கள் காடு நாலு ஏக்கர் என்று மேலே சொன்னேனே. அய்யா "நம்ம தேவாங்கு" என்றது வாய்ப்பேச்சு அல்ல. அதன் உலகமே எங்கள் வேலியும் பக்கத்துக் காட்டின் வேலியும்தான்.

அந்த வேலியைப் பிடுங்கக் காசு அனுப்பியவன் நான்.

அய்யா போன பிறகு பாகம் பிரிந்தது. அளந்து பார்த்தபோது, ஐந்தடி அகல வேலி நாலு பக்கமும் தின்ற இடம் பெரிதாகத் தெரிந்தது. வேலி கழிக்க ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் முள்வேலை என்றால் கூலி கூடக் கேட்டார்கள். மானாவாரியில் போர் போட்டுத் தக்காளிக்கு மாறியாயிற்று. பன்றி தொல்லை. கல்லுக்கால் ஊன்றிக் கம்பி வலை கட்டினால் ஒரே செலவு என்றார் அப்பா. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எனக்குப் புது வேலை. வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகம். பணம் அனுப்பினேன், வேலை நடக்கிற அன்றைக்கு ஊருக்கும் போயிருந்தேன்.

ஜேசிபிக்கு அது அரை நாள் வேலை. கிளுவை வேரோடு வரும்போது ஒரு வாசம் வரும், பிசின் வாசம், கொஞ்சம் சாம்பிராணி மாதிரி. வெட்டுப்பட்ட கொப்பெல்லாம் கசிந்துகொண்டிருந்தது. மத்தியானம் குவித்துப் போட்ட முள்ளுக்கு நெருப்பு வைக்கப் போகும்போது அப்பா, "இரு, இரு" என்று கத்தினார். குவியலின் அடியில், காரைக் கொப்புகளுக்கு நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. தூங்குகிற நேரம் அதற்கு. இவ்வளவு இரைச்சலிலும் ஓடத் தெரியாமல் இன்னும் இறுக்கிச் சுருண்டிருந்தது. அப்பா சாக்கை விரித்து, கொப்போடு சேர்த்து அதைத் தூக்கினார். கொப்பைப் பற்றியிருந்த அந்த விரல்களை நான் கிட்டத்தில் பார்த்தேன். குழந்தை விரல் மாதிரியே நகம். ஆள்காட்டி விரல் மட்டும் கட்டை. எவ்வளவு இறுகப் பிடித்திருந்தது என்றால், கொப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இருட்டிய பிறகு மூலையில் மிச்சமிருந்த புளியில் விட்டோம். மறுநாள் அங்கே இல்லை. பிழைத்துப் போய்விட்டது என்று அப்பா ஆறுதல் சொன்னார். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். தேவாங்குக்குத் தாவத் தெரியாது என்பதை அப்போது நான் அறியவில்லை. குரங்கு மாதிரி மரம் விட்டு மரம் பாயாது. ஒரு கையை நீட்டினால் அடுத்த கொப்பு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் கீழே இறங்கித் தரையில்தான் நடக்க வேண்டும். நாய் இருக்கிற தரை, வண்டி ஓடுகிற ரோடு. இல்லையென்றால் மின்கம்பியைக் கொடி என்று நினைத்துப் பிடிக்கும். அந்தப் புளியிலிருந்து எந்தப் பக்கம் கை நீட்டினாலும் எங்கள் புதுக் கம்பிதான்.

இதெல்லாம் மனசின் அடியில் கிடந்தது. கிளறிவிட்டது பெங்களூர். மல்லேசுவரத்துக்குப் பக்கத்தில் இந்திய அறிவியல் கழகத்தின் வளாகத்தில் இன்றும் தேவாங்குகள் இருக்கின்றன என்று ஒரு நண்பர் சொன்னபோது நம்பவில்லை. காபேரி கர் குப்தா என்ற ஆய்வாளர், களக்காடு முண்டந்துறையில் தேவாங்குகளை ஆராய்ந்தவர், இங்கே நகரவாசிகளைச் சேர்த்துக்கொண்டு நகர்ப்புறத் தேவாங்குத் திட்டம் என்று ஒன்றை நடத்தினார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களும் இல்லத்தரசிகளும் மாணவர்களும் ராத்திரியில் கூடி மரம் மரமாகப் பார்த்துக் கணக்கெடுப்பார்கள். கன்னடத்தில் தேவாங்குக்கு என்ன பேர் என்று கேட்டேன். காடு பாப்ப என்றார் நண்பர். காட்டுக் குழந்தை. அவர் மனசில் வனம் ஓடியிருக்கும். எனக்கு எங்கள் காடு ஓடியது, கடலைச்செடியோடு.

2022 அக்டோபரில் அந்தச் செய்தி வந்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே நாட்டில் முதல் சரணாலயம். கடவூர் எங்களுக்கு வடக்கே, நாலு புறமும் மலை வளைத்த பள்ளத்தாக்கு. கைபேசியில் அதைப் படித்துவிட்டு அலுவலக மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு காலத்தில் கயிறு கட்டிச் சந்தையில் உட்கார வைத்த பிராணி.

இது ஒரு நாளில் அரசாணையாக மட்டும் வந்ததல்ல. திண்டுக்கல் வட்டாரத்தில் சீட்ஸ் அறக்கட்டளை மாதிரியான உள்ளூர் அமைப்புகள் வருடக் கணக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றன, எங்கே எத்தனை இருக்கின்றன என்று எண்ணியிருக்கின்றன. வனத்துறை, ஆய்வாளர், ஊர்க்காரர் என்று மூன்று தரப்பும் ஒரே இருட்டில் ஒன்றாக நடந்திருக்கிறார்கள். அப்படி ஒரு நடைக்கு, மறு வருடம் ஊருக்குப் போனபோது நானும் போனேன். இரண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்கள், நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள், தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர், உள்ளூர் விவசாயிகள் மூன்று பேர். கிளம்பும்போது ஒரு பெண் எல்லோருடைய டார்ச்சையும் வாங்கி, கண்ணாடி மேல் சிவப்புக் காகிதம் ஒட்டிக் கொடுத்தாள். "வெள்ளை லைட் அடிச்சா அதுங்க கண்ணு கூசும் சார்," என்று எனக்கு விளக்கினாள். நான் தலையை ஆட்டினேன். பேச முடியவில்லை.

மலையடிவாரத்தில் மூன்று மணி நேரத்தில் ஏழு ஜோடிக் கண் பார்த்தோம். ஒன்று உசிலையில், ஒன்று வெள்வேலில், மற்றவை கிளுவையில். கடைசியாகப் பார்த்ததற்கு வயிற்றில் ஒரு பிள்ளை ஒட்டியிருந்தது. காவலர் ஒருவர் அதன் இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டார், வீட்டில் புதிதாகப் பிறந்த பிள்ளையின் பேரை எழுதுகிற மாதிரி நிதானமாக.

அடிவாரத்தைத் தாண்டிப் பட்டா நிலத்துப் பக்கம் திரும்பினோம். கம்பி, கம்பி, கல்லுக்கால், கம்பி. ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு கண் மினுங்கவில்லை. எனக்கு உறைத்தது அங்கேதான். சரணாலயத்தின் எல்லை காப்புக்காட்டோடு முடிகிறது. மலைத் தேவாங்குக்கு அரசாணை இருக்கிறது. வேலித் தேவாங்குக்கு எங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது.

கூட வந்த விவசாயி ஒருவர் அதைத்தான் வேறு விதமாகக் கேட்டார். "வேலிய எடுக்காதீங்கன்னு சொல்றீங்க தம்பி, சரி. பன்னி வந்து கிழங்கப் பறிச்சா யாரு பதில் சொல்றது? பக்கத்துக் காட்டுக்காரன் வேலிய எடுத்துட்டா, நான் ஒருத்தன் வச்சு என்ன ஆகும்?"

தொண்டு நிறுவனத்துக்காரர் சட்டென்று பதில் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் பேசினார். கம்பி இருக்கட்டும்ணே, கம்பியை ஒட்டி உள்பக்கம் மூணடி விட்டுக் கிளுவை ஊன்றலாம். நாலு காட்டுக்காரர் சேர்ந்தால் மலை வரைக்கும் ஒரே கோடாகக் கொண்டுபோகலாம். நடுவில் தடம் குறுக்கிட்டால் மேலே கயிறு கட்டலாம் என்றார்.

கயிறு என்றதும் எனக்கு நெகாரிஸ் நினைவு வந்தது. அய்யலூரில் நடந்த அதே ஆனா நெகாரிஸ் பிற்காலத்தில் ஜாவா தீவுக்குப் போனார். அங்கே சிபகாந்தி என்ற மலைக்கிராமத்தில் இன்னொரு வகைத் தேவாங்கு, அழிவின் கடைசி விளிம்பில் இருப்பது, விவசாயிகளின் தோட்டங்களுக்குள்ளேயே வாழ்கிறது. அங்கும் மரத்துக்கு மரம் இடைவெளி. அவர் குழு விவசாயிகளோடு சேர்ந்து, பாசனத்துக்கான தண்ணீர்க் குழாயை மரத்திலிருந்து மரத்துக்குக் கட்டியது. குழாய்க்குள் தோட்டத்துக்குத் தண்ணீர் போகிறது. குழாய் மேல் ராத்திரியில் தேவாங்கு நடக்கிறது. பயிருக்கும் பிராணிக்கும் ஒரே குழாய். இதை நடந்துகொண்டே அந்த விவசாயியிடம் சொன்னேன். அவர் நின்று, "நம்ம சொட்டுநீர்க் குழா தாங்குமா?" என்று கேட்டார். காவலர், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் நின்று எவ்வளவு தடிமன் வேண்டும், எந்த மரத்திலிருந்து எதற்குக் கட்டலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். நடுராத்திரி, ஒற்றையடிப் பாதை, கையில் சிவப்பு வெளிச்சம். இந்த மனிதர்கள்மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்தை இன்னும் யாரிடமும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் தம்பி கம்பியை ஒட்டி மூன்றடி விட்டான். மலைப்பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவரிடமிருந்து கிளுவைப் போத்து கேட்டு வாங்கினோம். இரண்டு நாள் நிழலில் போட்டுப் பால் காய வைத்து, நானும் அவனும் கடப்பாரையால் குழி போட்டு, அய்யா ஊன்றுகிற அதே சாய்வில் ஊன்றினோம். வடக்குப் பக்கம் மட்டும் இருநூற்றுப் பத்து. பக்கத்துக் காட்டுச் சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கிளம்பும்போது, மிஞ்சிய போத்துகளைத் தன் கட்டில் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்.

போன வாரம் தம்பி போன் பண்ணினான். பாதிக்குமேல் பிடித்திருக்கிறதாம். ஆடு மேய்ந்தது போக மிச்சம் இடுப்பளவு. "வேலின்னு சொல்ல முடியாதுண்ணே, குச்சி குச்சியாத்தான் நிக்குது," என்றான். ஒரு குச்சியில் கோவைக்கொடி ஏறியிருக்கிறதாம், யாரும் நடாமலே.

விசில் சத்தம் ஏதாவது கேட்டதா என்று கேட்டேன்.

"இல்லண்ணே. ராத்திரி தண்ணி கட்டப் போறப்ப காத வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."